டப்பா டீச்சரும் ஒரு ஜக்கின் கைப்பிடியும்

வருகைப் பதிவேட்டில் ஓவிய ஆசிரியைக்கு முறையான பெயர் ஒன்று இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பள்ளி வாசல் காவலாளி தலையைச் சொறிவார். டப்பா டீச்சர் என்று கேட்டால் போதும், "மாடியில கடைசி ரூம், தண்ணிக் குழாய் பக்கத்துல" என்று உடனே கையைக் காட்டிவிடுவார்.

டப்பா என்பது ஒரு பழைய பிஸ்கட் டப்பா. வட்டமானது, நீல நிறம், மூடி ஒரு பக்கம் நசுங்கியது. ஓவிய வகுப்பு தொடங்கியதும் அது முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரை ஒரு சுற்று வரும். ஒவ்வொரு பிள்ளையும் தன் ரப்பரை அதில் போட்டுவிட வேண்டும். மணி அடித்ததும் டப்பா திரும்பச் சுற்றி வரும். போட்டது அரை ரப்பராகவும் எடுப்பது முழு ரப்பராகவும் இருக்கும்படி சில கைகாரப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பஞ்சாயத்தைத் தீர்க்க வாரத்துக்கு ஐந்து நிமிடம் போகும். வகுப்பு நடக்கிற நேரத்தில் மட்டும் யார் கையிலும் ரப்பர் இருக்காது. ஒரு கோடு தப்பாகப் போனால் தப்பாகவே இருக்கட்டும். பக்கத்திலேயே இன்னொரு கோடு போடு. அதுவும் தப்பென்றால் மூன்றாவது. பொருளைப் பார், பிறகு தாளைப் பார், திரும்பப் பொருளைப் பார். அவருடைய பாடம் அவ்வளவுதான்.

இந்தச் சட்டத்தை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பதினேழு வயதில் ஒரு பீங்கான் ஆலையில் தட்டுக்குக் கரை எழுதும் வேலையில் சேர்ந்தார். சூளைக்குப் போவதற்கு முன் தட்டின்மேல் வெள்ளைப் பூச்சு மாவு போலப் படிந்திருக்கும். தூரிகை பட்ட மாத்திரத்தில் சாயத்தைக் குடித்துவிடும். தேய்த்து அழிக்கப் பார்த்தால் பூச்சே பெயர்ந்து வரும். கோடு கோணினால் இரண்டே வழிதான். தட்டு முழுவதையும் கழுவித் திரும்பப் பூச்சுத் தொட்டியில் முக்குவது ஒன்று. கோணிய கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்து அதை இலையாக்கிவிடுவது மற்றொன்று. முதல் மாதம் அவர் எழுதிய தட்டுகளைப் பார்த்த மேஸ்திரி, "என்னம்மா, கரை போடச் சொன்னா தோட்டம் போட்டிருக்க" என்றார். ஒன்பது வருடம் அங்கே இருந்தார். கடைசி வருடங்களில் அவர் தட்டுகளில் ஓர் இலைகூட அனாவசியமாக முளைக்கவில்லை. வேலை முடிந்து வந்து சட்டி, செருப்பு, பூட்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தார். ஓவியத் தேர்வுகளைத் தனியாக எழுதினார். ஒன்றில் இரண்டு முறை தோற்றார், மூன்றாம் முறை தேறினார். பள்ளிக்கு வந்து இப்போது பன்னிரண்டாவது வருடம்.

அந்தப் பன்னிரண்டாவது வருடத்தில், ஒரு திங்கட்கிழமை காலையில், தலைமை ஆசிரியை அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

தலைமை ஆசிரியை பேசிக்கொண்டே ஒரு கட்டு நோட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு பழக்கம். எந்த நோட்டைக் கையில் எடுத்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் திருப்புவார். "முன்பக்கம் நமக்காக எழுதுறது. பின்பக்கம் அதுங்க தனக்காக எழுதுறது. பள்ளிக்கூடம் எப்படி நடக்குதுன்னு பின்பக்கத்துலதான் தெரியும்" என்பார். அன்றைக்கு அவர் கையில் இருந்த நோட்டின் பின்பக்கத்தில் யாரோ அறிவியல் சாருக்குக் கொம்பு வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தும் அவர் சிரிக்கவில்லை.

"உக்காருங்க டீச்சர். ஏழாம் வகுப்பு பெற்றோர் கடிதம் குடுத்திருக்காங்க. உங்க ரெண்டு பீரியடையும் கணக்குப் பயிற்சிக்கு மாத்தணுமாம்."

"எத்தனை பேர் மேடம்?"

"கையெழுத்து பதினாலு. எழுதினது ஒருத்தர். மருந்துக்கடைக்காரர்."

எட்டாம் வகுப்பின் ஓவிய நேரம் போன வருடமே இப்படித்தான் போனது. ஏழும் போனால் ஆறாம் வகுப்போடு ஓவியம் நின்றுவிடும். மிச்ச நேரத்துக்கு டீச்சர் நூலகத்தில் உட்கார்ந்து புத்தகம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். புத்தகம் எடுத்துக் கொடுப்பது கேவலமான வேலை இல்லை. ஆனால் ஏழாம் வகுப்பில்தான் பிள்ளைகளின் கண் திறக்கிறது என்பது அவருடைய கணக்கு. ஆறில் எல்லாப் பிள்ளைகளும் வீடு என்றால் முக்கோணம் போட்டுக் கட்டம் போடுவார்கள். ஏழாம் வகுப்பு பாதியில்தான் திடீரென்று ஒரு பிள்ளை தலை நிமிர்ந்து, "டீச்சர், நாற்காலிக்குப் பின்கால் சின்னதாத் தெரியுதே" என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் அவர் பேருந்தில் நின்றுகொண்டு பள்ளிக்கு வருகிறார்.

"சனிக்கிழமை கூட்டத்துல வெச்சுப் பேசிடலாம்" என்றார் தலைமை ஆசிரியை. "கை தூக்கச் சொல்றேன். எந்தப் பக்கம் அதிகமோ அதுதான். நீங்களும் ரெண்டு வார்த்தை தயார் பண்ணிக்கோங்க."

டீச்சரின் கணவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். அன்று இரவு மேசை விளக்கின் கீழே ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"அந்த மருந்துக்கடைக்காரருக்கு உன்மேல என்ன கோவம்?"

"நான் அவருக்கு மார்க் போடல."

"அவர் பொண்ணுக்கா?"

"அவருக்கு."

கண்ணாடி கண்ணிலிருந்து கழன்று மடியில் விழுந்தது. டீச்சர் விவரமாகச் சொன்னார். வாரம் ஒரு வீட்டுப்பாடம் உண்டு. வீட்டில் இருக்கிற ஒரு பொருளை எதிரே வைத்து வரைந்து வர வேண்டும். மருந்துக்கடைக்காரரின் மகள் வகுப்பில் போடுகிற கோடு மெல்லியது, வெட்டுக்கிளி மாதிரித் தாவும். மூன்றாவது வாரத்திலிருந்து வீட்டுப்பாடத்தில் மட்டும் வேறு கோடு வந்தது. அழுத்தமானது, தயங்கித் தயங்கிப் போவது, அடுத்த பக்கத்திலும் பள்ளம் விழுந்திருந்தது. தாளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் ரப்பர் தேய்த்த இடமெல்லாம் நத்தை போன தடம் போல மினுங்கியது. மாத்திரை அட்டையைக்கூடக் கத்தரியால் நேர்கோட்டில் வெட்டிக் கொடுக்கிற மனிதர் அவர். ஜக்கு வரைந்திருந்தார், மூடி போட்ட தண்ணீர் ஜக்கு. ஸ்கேல் வைத்து.

"எத்தனை குடுத்த?"

"முதல்ல பத்துக்கு மூணு. அப்புறம் நாலு. 'இன்னும் ஒருமுறை பார்'னு எழுதி அனுப்பினேன். திரும்ப அதே ஜக்கு வந்துச்சு. மூணு தடவை வந்துச்சு."

"அப்ப வேலை சுலபம். நோட்டைத் தூக்கி நடுவுல வை. வாய மூடிட்டுப் போயிடுவாரு."

"போயிடுவாரு. பொண்ணு திங்கக்கிழமை வகுப்புல எப்படி உக்காரும்? அப்பா போட்ட படத்தைத் தன் படம்னு குடுத்த பொண்ணுன்னு எல்லாரும் பேசுவாங்க." டீச்சர் கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சிரித்தார். "அதுவும் இல்லாம, அந்த மனுஷன் தேறிக்கிட்டு வர்றாருங்க. மூணாவது ஜக்குல வாய் வட்டம் கிட்டத்தட்ட சரியா விழுந்திருக்கு. கைப்பிடிதான் இன்னும் காது மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது."

"பீரியடே போகப்போகுது, நீ கைப்பிடியைப் பத்திக் கவலைப்படு" என்றார் வீட்டுக்காரர். மடியில் விழுந்த கண்ணாடியைத் தேடத் தொடங்கினார்.

சனிக்கிழமை ஏழாம் வகுப்பறையிலேயே கூட்டம். பிள்ளைகளின் பெஞ்சுகளில் பெற்றோர் உட்கார்ந்தார்கள். எல்லோருடைய முழங்காலும் மேசையில் இடித்தது. பேருந்து ஓட்டுநர் ஒருவர் முதல் பெஞ்சில் உடம்பைச் செருகிவிட்டு, "உள்ள வந்துட்டேன். வெளிய எடுக்கக் கிரேன் வரணும்" என்றார். பக்கத்தில் இருந்த தையல்காரம்மா இடுப்பைச் சுருக்கிக்கொண்டு இடம் விட்டார். பிள்ளைகளை வராந்தாவில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் நிற்காமல் ஜன்னல் கம்பிகளில் வரிசையாகத் தொங்கினார்கள். மேசையின்மேல் டப்பா இருந்தது. டீச்சர் பழக்கதோஷத்தில் எடுத்து வந்துவிட்டார்.

மதிப்பெண் அட்டைகள் கொடுத்து முடித்ததும் தலைமை ஆசிரியை விஷயத்தைச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் எழுந்தார். மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா, ஒரு பென்சில். பென்சிலின் கூர்மையை டீச்சர் கவனித்தார். நன்றாகச் சீவப்பட்டிருந்தது.

"ஓவியத்துக்கு நான் எதிரி இல்லீங்க" என்று தொடங்கினார். "ஆனா இங்க நடக்கிறது என்ன? பிள்ளைங்க கொண்டு வர்ற படத்தைப் பாருங்க. கோட்டுக்கு மேல கோடு, கோட்டுக்கு மேல கோடு. கோழி கிளறின மாதிரி இருக்கு. அழிக்கக் கூடாதாம். ஒரு பொருளைச் சுத்தமாச் செய்யுறதுதானே படிப்பு? நான் மருந்துச் சீட்டை இப்படி எழுதினா யாராவது என் கடைக்கு வருவாங்களா?"

"அது சரிதான்" என்றார் தையல்காரம்மா. "என் அக்கா பையன் வேற ஸ்கூலு. அவன் படத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம். எங்க வீட்டுப் படத்தை மடிச்சுத்தான் வைக்க முடியுது."

"டீச்சர், நீங்க சொல்லுங்க" என்றார் தலைமை ஆசிரியை.

டீச்சர் நான்கு நாளாகத் தயாரித்த இரண்டு வார்த்தையும் மறந்துபோயிற்று. "நான் பீங்கான் தட்டுல எழுதிப் பழகினவ" என்றார். "அங்க அழிக்க முடியாது. அதனால கோடு போடறதுக்கு முன்னாடி பாக்கக் கத்துக்கிட்டேன். ரப்பர் கையில இருந்தா பிள்ளைங்க பாக்குறதில்ல. போடுது, அழிக்குது, போடுது, அழிக்குது. கடைசியில அதே தப்பை நாலு தடவை போடுது. அழிக்காம விட்டா முதல் கோடு அங்கேயே நிக்கும். அதைவிட ரெண்டாவது எவ்வளவு நகரணும்னு கண்ணுக்குத் தெரியும். கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். நான் அந்தக் கிளறலைத்தான் பாத்து மார்க் போடறேன்."

சொன்னது சரிதான். ஆனால் மெல்லிய குரலில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பின்பெஞ்சில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை.

"எல்லாம் பேச்சுக்கு நல்லா இருக்கு" என்றார் மருந்துக்கடைக்காரர். இப்போது அவர் குரல் ஏறியிருந்தது. "உழைப்புக்கு மரியாதை வேணாமா? ஒரு ஜக்கு. அந்தக் கைப்பிடிக்கு மட்டும் ரெண்டு மணி நேரம் உக்காந்தேன். அதுக்கு நாலு மார்க்கு."

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது.

"உக்காந்தா" என்றார் அவர். "எம்பொண்ணு உக்காந்தா. நான் பக்கத்துல உக்காந்தேன்."

"ரெண்டு பேரும் உக்காந்தும் நாலுதானா?" என்றார் ஓட்டுநர்.

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். டீச்சர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இப்போதே முடிந்துவிடும். ஜன்னலைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரரின் மகள் கம்பியைப் பிடித்திருந்த இரண்டு கையும் வெளுத்திருந்தன.

"பக்கத்துல உக்காந்தது தப்பில்லீங்க" என்றார் டீச்சர். "ஜக்குல வாய் வட்டம் மூணாவது தடவை நல்லா வந்திருந்தது. அதை நான் எழுதியிருக்கணும். எழுதாம விட்டது என் தப்பு."

மருந்துக்கடைக்காரர் ஒரு கணம் தடுமாறினார். சண்டைக்கு வந்தவரிடம் பாராட்டைக் கொடுத்தால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தெரியாததால் பையைத் திறந்தார். "நான் சும்மா சொல்லல. அத்தாட்சி கொண்டு வந்திருக்கேன். மேடம், நீங்களே பாருங்க" என்று மகளின் ஓவிய நோட்டை நீட்டினார்.

"அப்பா, வேணாம்" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் காதில் விழவில்லை.

தலைமை ஆசிரியை நோட்டை வாங்கினார். வாங்கிய கை பழக்கப்படி கடைசிப் பக்கத்தைத் திருப்பியது. அடுத்த வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தவர் சொல்லவில்லை. இன்னொரு பக்கம் திருப்பினார். நிமிர்ந்து மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். திரும்பக் குனிந்து நோட்டைப் பார்த்தார். ஓவிய வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது போலவே பொருளை ஒருமுறை, தாளை ஒருமுறை. அதன் பிறகு முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"என்ன மேடம்?"

தலைமை ஆசிரியை நோட்டைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினார்.

பக்கம் முழுவதும் ஒரு மனிதர். மேசைமேல் கவிழ்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடி நுனிக்கு இறங்கியிருந்தது. நாக்கின் நுனி உதட்டோரம் எட்டிப் பார்த்தது. ஒரு கையில் பென்சில், இன்னொரு கையில் ரப்பர், எதிரே ஒரு ஜக்கு. கோடுகள் மெல்லியவை, வெட்டுக்கிளி போலத் தாவியவை. தோளுக்கு மூன்று கோடு இருந்தது. மூன்றாவதுதான் சரியான தோள். அடுத்த பக்கத்தில் அதே மனிதர் தாளைத் தூக்கி ஊதிக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்ததில் ஜக்கை முறைத்துக்கொண்டிருந்தார். ஒன்றிலும் ரப்பர் பட்ட அடையாளம் இல்லை. அவர் யாரென்று ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இவ்வளவுக்கும் அந்த நேரத்தில் நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டுதான் மருந்துக்கடைக்காரர் நின்றிருந்தார்.

முதலில் ஓட்டுநர் சிரித்தார். அவர் சிரித்ததில் பெஞ்சே ஆடியது. பிறகு அறை முழுவதும் சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. நோட்டை வாங்கி அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வாரமாக முன்பக்கத்தை மட்டுமே பார்த்து அப்பாவுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார். பெண்ணின் வீட்டுப்பாடம் வாராவாரம் பின்பக்கத்தில் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

"வீட்டுல நான் இப்படியா உக்காருறேன்?" என்றார் மருந்துக்கடைக்காரர், மெதுவாக.

"கடையிலயும் இப்படித்தான் உக்காருறீங்க" என்றார் தையல்காரம்மா. சிரித்துக் கண்ணீரைத் துடைத்தவர் அதே மூச்சில், "சரி, அவரை மட்டும் சொல்லி என்ன. எங்க வீட்டுக் கத்தரிக்கோலு நான் போட்டதுதான். மூணு மார்க்கு. பதினெட்டு வருஷமா அந்தக் கத்தரியைக் கையில பிடிச்சிருக்கேன், அதுக்கு மூணு மார்க்கு. ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கல" என்றார்.

"செருப்பு நம்மளது" என்றார் ஓட்டுநர். "பையன் தூங்கிட்டான். நான்தான் போட்டேன். மார்க்கைக் கேக்காதீங்க."

பின்பெஞ்சிலிருந்து ஒரு மேசை விளக்கும் இரண்டு பூட்டும் ஒத்துக்கொள்ளப்பட்டன. தலைமை ஆசிரியை கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு, "அப்போ இந்த வருஷம் ஏழாம் வகுப்புல ஓவியம் படிச்சது யாரு?" என்று கேட்டார்.

அப்போது கதவோரம் நின்றிருந்த கணக்கு ஆசிரியர் தொண்டையைச் செருமினார். பேச்சு முழுவதும் அவருக்குக் கொடுக்கப்போகிற நேரத்தைப் பற்றியது. அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. "நானும் ஒண்ணு சொல்லலாமா? கணக்கு நோட்டுல பிள்ளைங்க அழிச்சு அழிச்சு எழுதுது. விடை தப்பா வருது. எந்த வரியில வழுக்கிச்சுன்னு பாக்கப் போனா அந்த வரியே இல்ல, ஓட்டைதான் இருக்கு. நான் என்னத்தைத் திருத்தறது? எனக்கு அவங்க பீரியட் வேணாம்." மேசையைக் காட்டினார். "எனக்கும் அந்த மாதிரி ஒரு டப்பா வாங்கிக் குடுங்க. அது போதும்."

"சரி, முறைப்படி கேட்டுடறேன்" என்றார் தலைமை ஆசிரியை. "ஓவிய நேரத்தைக் கணக்குக்கு மாத்தணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

கடிதத்தை எழுதியவர் என்ற முறையில் மருந்துக்கடைக்காரரின் கை காதுவரை ஏறியது. அங்கே கொஞ்சம் யோசித்தது. பிறகு மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு இறங்கிவிட்டது. வேறு கை எதுவும் எழவில்லை. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதுவரை நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

எல்லோரும் கலைந்த பிறகும் மருந்துக்கடைக்காரர் போகவில்லை. மகள் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான்தான் கொண்டு போகாதீங்கன்னு சொன்னேன்ல" என்றாள்.

"சும்மா இரு" என்றார். பிறகு டீச்சரிடம், "அந்தக் கைப்பிடி... அது ஏன் ஒட்ட மாட்டேங்குது?" என்று கேட்டார்.

"ஜக்கைப் பாக்காம ரப்பரைப் பாத்துக்கிட்டு வரையுறீங்க. முதல் படத்துலயே அப்படித்தான் இருக்கீங்க, பாருங்க."

அவர் பார்த்தார். மகள் அதையும் வரைந்திருந்தாள். சட்டைப் பைக்குள் விரலை விட்டு வெள்ளை ரப்பர் ஒன்றை எடுத்தார். மூலைகள் உருண்டு பாதியாகத் தேய்ந்திருந்தது. டீச்சர் டப்பாவின் மூடியைத் திறந்தார்.

"திருப்பித் தருவீங்கதானே?"

"மணி அடிச்சதும்."

அடுத்த வியாழக்கிழமை மகளின் நோட்டு முன்பக்கத்தில் அவளே வரைந்த, மூடி போட்ட ஜக்கோடு வந்தது. உள்ளே நான்காக மடித்த தனித்தாள் ஒன்று இருந்தது. மறுபுறம் இருமல் மருந்து விளம்பரம். டீச்சர் அதை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். எங்கும் மினுங்கவில்லை. கைப்பிடிக்கு ஐந்து கோடுகள் இருந்தன. நான்கு வழிதவறியவை, ஐந்தாவது ஜக்கைச் சரியாகப் பற்றிக்கொண்டிருந்தது. ஆறரை போட்டுக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் காலை, பிரார்த்தனை மணி அடிப்பதற்கு முன்பே அந்தப் பெண் மாடிக்கு ஓடி வந்தாள்.

"டீச்சர், அப்பா கடையைக்கூடத் திறக்காம நிக்கிறாரு. கைப்பிடி சரியாத்தானே இருக்கு, மூணரை எங்க போச்சுன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"கைப்பிடி ரொம்பச் சரி" என்றார் டீச்சர். "மூடி எங்கேன்னு கேளு."